மொறிஸ் மைனர் 1000: மாஸ்ரர் சிலிண்டர் மாற்ற வேண்டும், எதை எடுப்பது?

பனங்கிழங்கு (கோண்டாவில்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மைனர் 1000, 1963 ஆம் ஆண்டு, 1098 சிசி. அப்பா காலமான பிறகு மூன்று வருடம் கொட்டிலுக்குள் நின்றது. வைகாசியில் வெளியே எடுத்து, பெற்றோல் தாங்கியைக் கழுவி, பற்றரி மாற்றி ஓட வைத்துவிட்டேன். தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம். பொம்பிளை இந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பிரச்சினை பிறேக்கில். பெடலை மிதித்தால் பிடிக்கிறது, கார் நிற்கிறது. ஆனால் சந்தியில் காலை எடுக்காமல் மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக் கடைசியில் தரையைத் தொடுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் திரும்பவும் மேலே நிற்கிறது. நான்கு சில்லையும் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. பிறேக் ஒயில் மட்டமும் குறையவில்லை.

தெரிந்த கராஜில் பிழை மாஸ்ரர் சிலிண்டரில்தான் (பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் சிலிண்டர்) என்கிறார்கள். அதற்கு ஆளுக்கொரு வழி. உள்ளே இருக்கும் றப்பர்களை மாற்றும் கிற் மட்டும் போதும் என்கிறார் ஒருவர். உள்ளே ஸ்லீவ் (புது உள்குழல்) அடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். லண்டனில் இருந்து புதிது எடுப்பிக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ஜப்பான் வான் ஒன்றின் இரட்டைச் சிலிண்டரை வாங்கிப் பூட்டினால் பிறகு கவலையே இல்லை என்றும் ஒருவர் சொல்கிறார். தங்கச்சியை ஏற்றப் போகிற கார். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, பிழை வரக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சாவி (சுன்னாகம்)

தம்பி, குணத்தை வடிவாகக் கவனித்து எழுதியிருக்கிறீர். மிதித்தபடி நிற்கும்போது பெடல் இறங்குகிறது, வெளியே ஒழுக்கும் இல்லை என்றால், பெரும்பாலும் மாஸ்ரருக்குள் இருக்கும் கப் றப்பர் ஒயிலைப் பின்பக்கம் விடுகிறது. அப்படி விட்ட ஒயில் திரும்ப ஒயில் தாங்கிக்குள்ளேயே போய்விடும். அதனால்தான் மட்டம் குறையவில்லை.

ஆனாலும் வாங்க முதல் ஒன்று பாரும். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தால் அது மாஸ்ரரின் பிழை அல்ல, பிறேக் சூ (சில்லின் ட்ரம்மை உள்ளிருந்து பிடிக்கும் கட்டை) தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. மைனரில் முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர், பின் சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சில்லைக் கழற்றி, ட்ரம்மில் இருக்கும் துளைக்குள் ஸ்குறூ ட்றைவரை விட்டு, சூ ட்ரம்மில் பிடிக்கும் வரை முறுக்கி ஒரு கிளிக் பின்னால் எடுக்க வேண்டும். முன்னுக்கு இரண்டு இருப்பது தெரியாமல் ஒன்றை மட்டும் முறுக்கிவிட்டு, மாஸ்ரரை மாற்றிக் காசை வீணாக்கியவர்களைக் கனபேரைக் கண்டிருக்கிறேன்.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று. அல்லது றப்பர் ஹோஸ் பழுதாகி உப்புகிறது. ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு மூன்று ஹோஸையும் கையால் பிடித்துப் பாரும், முன்னுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று.

இவை எல்லாம் சரி என்றால் மாஸ்ரரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எதை எடுப்பது என்று கதைக்கலாம். உள்சுவரைக் காணாமல் கிற் போதும் என்று சொல்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்.

பனங்கிழங்கு

நன்றி ஐயா. சூவை இன்றைக்கு முறுக்கிப் பார்த்தேன், பெடல் உயரம் நன்றாக வந்துவிட்டது. ஆனால் இறங்குவது அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் தரையில். ஹோஸ் உப்பவில்லை, ஆனால் மேலே வெடிப்பு இருக்கிறது.

பழைய_சாவி

வெடிப்பு இருந்தால் மூன்று ஹோஸையும் மாற்றும். அதில் யோசிக்க எதுவும் இல்லை.

மாஸ்ரரைக் கழற்றும் வேலையைச் சொல்கிறேன், இதில்தான் மைனர் புதிதாக வருகிறவரை அழ வைக்கும். சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சசி வளையின் உள்ளே இருக்கிறது. விரிப்பை எடுத்து மூடித் தகட்டைக் கழற்றினால் ஒயில் ஊற்றும் மூடி தெரியும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நீளப் போல்ட்டும் சசியைக் குறுக்கே ஊடுருவிப் போகும். அந்தப் போல்ட்டை வெளியே இழுக்க விடாமல் ரோர்ஷன் பார் (முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் கம்பி) குறுக்கே நிற்கும்.

அந்தப் பார் முறுக்கேறி நிற்கும் சாமான். கீழ்க் கைக்கு ஜக் கொடுத்துத் தாங்காமல் அதைத் தளர்த்தினால் கையை முறித்துவிடும். தனியாகச் செய்யாதீர். பூட்டும்போது போல்ட் இரண்டையும் மறுபக்கத்தால் விட்டுப் பூட்டும், அடுத்த முறை பாரைத் தொடாமல் கழற்றலாம். அப்பாவின் காரில் யாராவது முன்பே அப்படிச் செய்திருந்தால் உமக்கு அதிர்ஷ்டம்.

தேம்ஸ்கரை (லண்டன்)

பனங்கிழங்கு, இங்கே மைனருக்குச் சாமான் பஞ்சம் இல்லை. 1948 இல் தொடங்கி 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்த கார். உரிமையாளர் சங்கம் இருக்கிறது, மைனருக்கென்றே உதிரிப்பாகம் விற்கும் கடைகளும் பல. புதிய மாஸ்ரர் சிலிண்டர் தாராளமாகக் கிடைக்கும். மார்கழியில் எங்கள் வீட்டில் இருந்து ஆட்கள் யாழ்ப்பாணம் வருகிறார்கள், கொடுத்துவிடலாம்.

ஆனால் புதிது என்பதாலேயே நம்ப வேண்டாம். இப்போது வருபவை பழைய லொக்கீட் கம்பனி வார்ப்பு அல்ல, பிற்காலத்தில் பிரதி செய்தவை. நல்லதும் உண்டு, கவனமில்லாமல் செய்ததும் உண்டு. இரண்டு வருடம் முன் நான் வாங்கிய ஒன்றில் தாங்கிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இரண்டு துளைகளில் சிறியதற்குள் இரும்புத் தூள் அடைத்துக் கிடந்தது. பூட்டி ஓடினேன். கொஞ்சத் தூரத்தில் பிறேக் தானாகப் பிடிக்கத் தொடங்கி, நான்கு ட்ரம்மும் கொதித்துவிட்டன. கழற்றிக் கம்பி விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து புதிதாக வருவதையும் மேசையில் வைத்து முழுக்கப் பிரித்து, கழுவி, துளை இரண்டுக்கும் காற்று ஊதிப் பார்த்துத்தான் பூட்டுவேன்.

பூட்டுவதற்கு முதல் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். நுனியில் வால்வு இருக்கிறதா, பிஸ்ரன் கையால் தள்ளிவிட்டால் தடக்கென்று திரும்பி வளையத்தில் முட்டுகிறதா, மூடியில் உள்ள காற்றுத் துளை திறந்திருக்கிறதா, புதிய செம்பு வாஷர் கூட வந்திருக்கிறதா என்று. பெட்டி எத்தனை வருடம் தட்டில் கிடந்தது என்பதும் முக்கியம். றப்பருக்கு வயது உண்டு. பத்து வருடம் கிடந்த புதிய சிலிண்டரை விட, நேற்று வந்த கிற் நல்லது.

மலைப்பாதை (ஹட்டன்)

நான் ஜப்பான் இரட்டைச் சிலிண்டர் பூட்டியவன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லி வைக்கிறேன்.

மைனரில் இருப்பது ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தால், நான்கு சில்லுக்கும் சேர்த்தே பிறேக் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹாண்ட் பிறேக் மட்டும்தான். எங்கள் பக்கம் வந்து பாருங்கள், ஹட்டனில் இருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிறேக்கில்தான் கால். எனக்கு ஒரு முறை பின் குழாய் உடைந்தது. நல்ல காலம், ஏற்றத்தில். அதன் பிறகு நித்திரை வரவில்லை. இரட்டைச் சிலிண்டர் என்றால் இரண்டு பிஸ்ரன், இரண்டு சுற்று. ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும்.

சிரமத்தையும் மறைக்கவில்லை. தரைக்குக் கீழே அது அடங்காது. பெடலைத் தொங்கு பெடலாக மாற்றி, சிலிண்டரை இயந்திரப் பக்கச் சுவரில் ஏற்றினேன். முதல் மாதம் பெடல் பஞ்சாக இருந்தது, எவ்வளவு காற்று எடுத்தும் போகவில்லை. ஒருவரை மிதிக்கச் சொல்லி பொனற்றைத் திறந்து பார்த்தால் அந்தச் சுவர்த் தகடே முன்னுக்கு வளைகிறது! மூன்று மில்லிமீற்றர் தகடு ஒன்றை வெட்டி, பின்னால் கொடுத்து, ஸ்ரியரிங் தாங்கியோடு சேர்த்து ஒட்டிய பிறகுதான் பெடல் இறுகியது. இப்போது ஆறு வருடம், ஒரு குறையும் இல்லை.

சங்குப்பூ (பேராதனை)

மலைப்பாதை அண்ணா சொன்ன தகட்டு விஷயம் நூற்றுக்கு நூறு. எனக்குச் சொல்ல இருப்பது துவாரத்தின் விட்டம் பற்றி. இதைப் பார்க்காமல் உருவம் ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்துச் சிலிண்டர் வாங்குகிறார்கள்.

மைனர் 1000 இன் சிலிண்டர் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. அதன் பரப்பு 388 சதுர மி.மீ. பஞ்சிகாவத்தையில் கையில் அகப்படுவது 3/4 அங்குலமாக இருந்தால் பரப்பு 285. ஒரு அங்குலமாக இருந்தால் 507. விட்டத்தில் சிறு வித்தியாசம்தான், ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது.

தள்ளுதண்டு 1000 நியூட்டன் விசையில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3/4 அங்குலத்தில் அழுத்தம் 35 பார் (அழுத்த அலகு) வரும். 7/8 இல் 26 பார். ஒரு அங்குலத்தில் வெறும் 20 பார். அதே கால், அதே பலம். பெரிய சிலிண்டர் கூடப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் நேர்மாறு. பெடல் கல்லாக இருக்கும், கார் நிற்காது.

சரி, அப்படியானால் சின்னதையே போடலாமே என்றால் அங்கே வேறு சிக்கல். சூக்களைத் தள்ளிக் கொண்டுபோய் ட்ரம்மில் சேர்க்க ஒரு குறித்த அளவு ஒயில் வேண்டும். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு இருக்கிறது, ஒயில் கூடத்தான் குடிக்கும். உதாரணத்துக்கு 4 கன செ.மீ. வேண்டுமென்றால், 7/8 சிலிண்டரில் பிஸ்ரன் 10.3 மி.மீ. நகர வேண்டும். 3/4 இல் 14 மி.மீ. பெடலில் அது நான்கைந்து மடங்காகத் தெரியும். சூ கொஞ்சம் தேய்ந்துவிட்டால் பெடல் தரையைத் தொட்ட பிறகும் பிடிக்காது.

அதனால் ட்ரம், வீல் சிலிண்டர், பெடல் எல்லாம் பழையபடியே இருக்கும் காருக்கு, அந்தக் காரை வடிவமைத்தவர்கள் கொடுத்த விட்டம்தான் சரி. ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தேம்ஸ்கரை

இதோடு புரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனரின் குழாய் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பான் சிலிண்டரில் இருப்பது 10 மி.மீ. துளை, 1 மி.மீ. புரி. 3/8 என்பது 9.5 மி.மீ. தான், ஆகவே மைனரின் நட்டு அந்தத் துளைக்குள் தளர்வாகப் போய்ப் பிடித்ததுபோல் காட்டும். அவசரமாக முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில் புரியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். குழாயின் விரித்த நுனியும் ஒவ்வொரு நாட்டுக்கு ஒவ்வொரு வடிவம். மாற்றுவதென்றால் குழாயை நட்டோடு சேர்த்துப் புதிதாக அடிக்க வேண்டும்.

மலைப்பாதை

உண்மை. நான் குழாய் முழுக்கப் புதிதாகவே அடித்தேன், செம்பு நிக்கல் குழாய்.

கோவை_அம்பாசிடர் (கோயம்புத்தூர்)

நான் மைனர்காரன் இல்லை, அம்பாசிடர் மார்க் 3, 1976. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழி வந்த வண்டி என்பதால் உங்கள் மைனருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. உத்தர்பாரா ஆலை 2014இல் நின்றுபோன பிறகு சில சாமான்களுக்கு லேத்தைத்தான் நம்பியிருக்கிறேன். அதனால் ஸ்லீவ் பற்றி எழுதுகிறேன்.

நல்ல ஸ்லீவ் புதுசை விட நீண்ட நாள் உழைக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் பிடிக்காது. வருஷத்தில் பாதி நாள் நிற்கிற வண்டிக்கு இது பெரிய விஷயம். பழைய வார்ப்பு உறுதியானது, மவுண்டிங் துளைகள் அப்படியே பொருந்தும், குழாய் மாற்ற வேண்டாம்.

ஆனால் எனக்கு முதல் தடவை தோற்றுப்போனது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். போர் (சிலிண்டரின் உள் துவாரம்) கண்ணாடி மாதிரி வந்தது, பார்த்ததும் சந்தோஷப்பட்டு மாட்டிவிட்டேன். இரண்டே வாரத்தில் பெடல் இறங்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் கப் ரப்பரின் உதட்டில் கத்தியால் கீறினது போல ஒரு கோடு. ஸ்லீவுக்குள் துளை போட்டவர் உள்பக்கம் நின்ற பிசிறை எடுக்கவில்லை. அந்தத் துளை 0.7 மி.மீ. தான் இருக்கும், ரப்பர் ஒவ்வொரு மிதிக்கும் அதைக் கடந்து போய் வருகிறது. சின்னப் பிசிறு போதும்.

இரண்டாவது தடவை வேறு ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே "கப் கொண்டுவந்தீங்களா?" என்றுதான். கப்பை வைத்து அளந்து போர் முடித்தார், துளையை உள்ளிருந்து வழவழப்பாக்கி, விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்லீவ் கொடுக்கிறவர்கள் அந்த 0.7 துளையைப் பற்றி அவரிடம் பேசிப் பாருங்கள். அவர் அதைப் பற்றி அக்கறையாகப் பேசவில்லை என்றால் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பனங்கிழங்கு

சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். ஐயா சொன்னது போல அதிர்ஷ்டம்தான். அப்பா எப்போதோ போல்ட்டை மறுபக்கத்தால் பூட்டியிருக்கிறார்! ரோர்ஷன் பாரைத் தொடவே தேவைப்படவில்லை. போல்ட்டின் தலையில் அப்பாவின் வழக்கமான பச்சைப் பெயின்ற் பொட்டு. கொஞ்ச நேரம் காருக்குக் கீழேயே கிடந்தேன்.

உள்ளே பார்த்தால் கீழ்ப்பக்கச் சுவரில் நான்கைந்து குழிகள். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. கப் றப்பர் வழமையான அளவை விடப் பருத்து, மென்மையாக, தொட்டால் கறுப்பு ஒட்டுகிறது. ஒயில் தேத்தண்ணி நிறம்.

பழைய_சாவி

நகம் தட்டுப்பட்டால் கிற் இல்லை, முடிந்தது. மெல்லிய மங்கல் என்றால் ஹோன் பண்ணி (உள்சுவரை நுண்ணிய கல்லால் தேய்த்து) கிற் போடலாம். குழியை ஹோன் பண்ணி எடுக்கப் போனால் துவாரம் பெரிதாகி, றப்பர் இறுக்கம் இல்லாமல் போய்விடும். கரடுமுரடான எமரித் தாள் போட்டு உரசுகிறவர்களும் இருக்கிறார்கள், கிட்டப் போகாதீர்.

றப்பர் பருத்ததற்குக் காரணம் வேறு. பெற்றோலிய எண்ணெய் பட்டிருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் கார் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. தொடங்க மட்டும் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். கராஜில் எந்நேரமும் கைக்கெட்டுவது மண்ணெண்ணெய்தான், எல்லாச் சாமானையும் அதில்தான் கழுவினோம். பிறேக் றப்பரையும் அதிலேயே கழுவினோம். நானும் அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். அடுத்த நாள் றப்பர் ஊதிப்போய்ப் பிஸ்ரன் இறுகிவிடும். புது றப்பர் வேறு கிடையாது. 2002 இல் ஏ-9 வீதி (கண்டி - யாழ்ப்பாணம்) திறந்த பிறகுதான் ஒழுங்கான கிற்றையே கண்டோம். ஆனால் அந்தப் பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை.

பிறேக் ஒயில் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல. றப்பரையும் சிலிண்டரையும் பிறேக் ஒயிலாலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ மட்டும் கழுவ வேண்டும். ஒரு சொட்டு எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ போயிருந்தாலும் மாஸ்ரர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றின் றப்பரும் கெட்டுப்போகும். உமது காரில் போயிருக்கிறது போல. ஆகவே மாஸ்ரரை மட்டும் மாற்றி முடிக்க முடியாது தம்பி. ஆறு வீல் சிலிண்டரையும் திறக்க வேண்டும், குழாயை ஸ்பிரிற் விட்டுக் கழுவ வேண்டும்.

பனங்கிழங்கு

செலவு ஏறுகிறது, ஆனால் விளங்குகிறது. அப்படியானால் லண்டன் புதியது, அல்லது ஸ்லீவ். இரட்டைச் சிலிண்டர் பற்றி மலைப்பாதை அண்ணை சொன்னது மனதை அரிக்கிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதானே சரி?

பழைய_சாவி

ஒற்றைச் சுற்றை விட இரட்டைச் சுற்று நல்லது, அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் உமக்குத் தை மாதம் கல்யாணம். சுவர்த் தகட்டை வெட்டி, பெடலை மாற்றி, குழாய் முழுக்க அடித்து, விட்டம் பார்த்து, எல்லாம் முதல் தரம் செய்கிற ஒருவர் இரண்டு மாதத்தில் செய்யும் இரட்டைச் சுற்றை விட, புதுக் குழாயும் புது ஹோஸும் சரியான சிலிண்டரும் உள்ள ஒற்றைச் சுற்றை நான் நம்புவேன். கோண்டாவிலில் மலையும் இல்லை.

மலைப்பாதை

காலம் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, சமதரையிலும் ஹோஸ் வெடிக்கும். கல்யாணம் முடிந்த பிறகாவது தம்பி இதை யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை ஹாண்ட் பிறேக் கேபிளைப் புதிதாக்கி, ஓடும் காரை அது மட்டும் நிறுத்துகிறதா என்று வெறும் ஒழுங்கையில் பழகிப் பாருங்கள்.

சங்குப்பூ

பழைய சிலிண்டரோ புதியதோ, நுனியில் உள்ள வால்வை மறக்க வேண்டாம். ட்ரம் பிறேக்கில் காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் ஏறக்குறைய 0.7 பார் அழுத்தத்தை அது நிறுத்தி வைக்கும். வீல் சிலிண்டர் கப்பின் உதடு சுவரோடு ஒட்டி நிற்கவும், காற்று உள்ளே போகாமல் இருக்கவும்தான் அது. டிஸ்க் பிறேக்குக்கு மாற்றியவர்களுக்கு விற்கும் சிலிண்டரில் இந்த வால்வு இருக்காது, ஏனென்றால் அந்த அழுத்தம் டிஸ்க்கில் பிறேக் பாட்டை (pad) உரச வைக்கும். உங்களுடையது நான்கும் ட்ரம். கடையில் கேட்கும்போது ட்ரம்முக்கு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தேம்ஸ்கரை

சரி, நாளைக்கே எடுக்கிறேன். 7/8, ட்ரம்முக்கானது, வால்வோடு. ஹோஸ் மூன்று, வீல் சிலிண்டர் கிற் ஆறு. நானே பிரித்துப் பார்த்து, துளைக்குக் கம்பி விட்டு, படம் போடுகிறேன். ஒயில் அங்கேயே வாங்குங்கள். டொட் 4 தரம் போதும். ஈரம் ஏறாத நிலையில் கொதிநிலை 230 பாகை, ஈரம் ஏறிய பிறகு 155. டொட் 3 என்றால் 205, 140. சிலிக்கன் வகையான டொட் 5 ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது. கடல் காற்று அடிக்கும் ஊர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றிவிடுங்கள்.

பனங்கிழங்கு

மார்கழி 20. சாமான் வந்து சேர்ந்தது, தேம்ஸ்கரை அண்ணைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீல் சிலிண்டர் ஆறும் முடிந்தது, இரண்டில் பிஸ்ரன் இறுகிப் போயிருந்தது. மாஸ்ரரைப் பூட்ட முதல் மேசையில் வைத்து ஒயில் விட்டு, பிஸ்ரனைத் தள்ளித் தள்ளிக் காற்றை எடுத்தேன். பிறகு சில்லுச் சில்லாக, தூரத்தில் இருக்கும் பின் இடது சில்லில் தொடங்கி எடுத்தோம்.

கோவை_அம்பாசிடர்

காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைத்தீர்களா? புது சிலிண்டருக்குப் பரவாயில்லை. பழைய சிலிண்டரில் ரப்பர் தினமும் ஓடுகிற தூரம் மட்டும்தான் பளபளப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துரு. காற்று எடுக்கிறேன் என்று தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தத் துருவில் ஏறிக் கிழிந்துவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் ஆயில் மாற்றிய மறுநாள் போய்விட்டது என்று சொல்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பனங்கிழங்கு

மார்கழி 23. ஒரு சிக்கல். பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, ஐந்து நிமிடம் மிதித்து நின்றாலும் இறங்கவில்லை. ஆனால் பலாலி வீதியில் ஓடிக்கொண்டு போகும்போது ஆறாவது கிலோமீற்றரில் கார் இழுக்கத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் நான்கு ட்ரம்மும் தொட முடியாத சூடு, கருகிய மணம். கால் மணித்தியாலம் ஆற விட்டதும் சில்லு சுழல்கிறது. துளை அடைத்துவிட்டதா? தேம்ஸ்கரை அண்ணை கம்பி விட்ட படத்தை நானும் பார்த்தேனே.

பழைய_சாவி

பயப்படாதீர், ஓடவும் வேண்டாம். நான்கும் ஒன்றாகச் சூடானால் பிழை சில்லில் இல்லை, மாஸ்ரரில் அல்லது பெடலில். பிஸ்ரன் கடைசிவரை பின்னுக்கு வராவிட்டால் கப் றப்பர் அந்தச் சிறு துளையை மூடியபடி நிற்கும். சூட்டில் பெருகும் ஒயில் தாங்கிக்குத் திரும்ப வழி இருக்காது. சூடு கூடக் கூடப் பிறேக் தானாக இறுகும்.

முதலில் லேசானதைப் பாரும். காலை பெடலுக்குக் கீழே கொடுத்து மேலே தூக்கும். கொஞ்சமாவது மேலே வந்தால் பெடல் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. வழமையாகப் பெடலில் ஒரு 3 மி.மீ. வெறும் ஆட்டம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்டு பிஸ்ரனைத் தொட வேண்டும். உம்மிடம் அந்த ஆட்டம் இருக்கிறதா?

பனங்கிழங்கு

ஐயா, ஆட்டமே இல்லை! தூக்கினால் நான்கு மி.மீ. அளவு மேலே வருகிறது, விட்டால் திரும்பக் கீழே. இழுப்பு ஸ்பிரிங் சரியாகத்தான் இருக்கிறது. காரணம் புது விரிப்பு. கல்யாணத்துக்கென்று போன கிழமை தடித்த சிவப்புக் கம்பளம் தைத்துப் போட்டோம். பெடல் தண்டு தரையால் மேலே வருகிற இடத்தில் வெட்டிய துவாரம் சின்னதாகப் போய்விட்டது. கம்பளத்தின் விளிம்பு தண்டைப் பின்னுக்கு வர விடாமல் பிடித்திருக்கிறது.

சங்குப்பூ

இது எனக்குப் புதுப் பாடம். தொங்கு பெடல் காரில் இப்படி வராது.

பழைய_சாவி

தரைப் பெடல் காரில் விரிப்பை எப்போதும் பார்க்க வேண்டும். றப்பர் விரிப்பு என்றாலும் இதே கதைதான். துவாரத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தைத்துவிடும். அம்மாவுக்குக் கம்பளம் கெட்டுப்போகிறது என்று கவலை வந்தால், நான் சொன்னதாகச் சொல்லும்.

ட்ரம்மைத் திறந்து சூவின் லைனிங் (மேலே ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) பளபளத்திருக்கிறதா என்றும் பாரும். அப்படியென்றால் மேலால் லேசாக உரசி விடும்.

பனங்கிழங்கு

மார்கழி 27. கம்பளத்தை வெட்டியாயிற்று. நேற்றும் இன்றும் சாவகச்சேரி வரை போய் வந்தேன், ஒவ்வொரு முறையும் நான்கு ட்ரம்மையும் கையால் தொட்டுப் பார்த்தேன், முன்னுக்கு இளம் சூடு, பின்னுக்கு அதுவும் இல்லை. பெடலில் 3 மி.மீ. ஆட்டம். சந்தியில் எவ்வளவு நேரம் மிதித்து நின்றாலும் பெடல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. போல்ட் இரண்டையும் அப்பா பூட்டின பக்கத்தாலேயே பூட்டி, பச்சைப் பொட்டும் வைத்தேன்.

பழைய சிலிண்டரை எறியவில்லை. கோவை அண்ணா, மாமா வைத்தியத்துக்காக மாசியில் கோயம்புத்தூர் வருகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் உங்கள் லேத்காரரிடம் ஸ்லீவ் போட்டுத் தர முடியுமா? கையிருப்பாக வைத்துக்கொள்ள ஆசை.

கோவை_அம்பாசிடர்

தாராளமாகக் கொடுத்து அனுப்புங்கள் தம்பி. கல்யாணத்துக்கு வாழ்த்துகள். சிலிண்டரோடு புதுக் கப் ரப்பர் ஒன்று, பிஸ்டன், வால்வு, குழாய் நட்டு நான்கையும் சேர்த்துக் கட்டுங்கள். கப் இல்லாமல் அவர் போரில் கை வைக்க மாட்டார். பார்சலில் மண்ணெண்ணெய் வாசனை எதுவும் படாமல் தனி பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.